ஒரு சாமான் பாக்கி

பர்காவிலிருந்து சீப் வரை
நாளைக்கு ஆறு நடை நல்ல தண்ணீர்.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி,
கண்ணாடியை இறக்க வழியில்லை.
உள்ளே நானும் ஹெல்பர் நைனா முகம்மதுவும்
நைனாவின் வாயும்.

அவன் பேச்சுக்காரன்.
மீமிசல் கடலில் பிடிபட்ட திருக்கையை
அவன் சொல்லத் தொடங்கினால்
ஏசி துவாரத்தை என் பக்கம் திருப்புவேன்.
திருக்கை வளர வளர
நான் ஜன்னல் பக்கமாக வளைவேன்.
இடுப்பு வலி அப்படி வந்ததுதான்.
கம்பெனி டாக்டரிடம் சீட்டைக் குறை சொன்னேன்.

சூயிங்கம் நீட்டினேன்.
"இனிப்பு, பல்லு கூசும்" என்றான்.
ஏலக்காய் கொடுத்தேன், டீயில் தட்டிப் போட்டுவிட்டான்.
"சில பேருக்கு வயிறு சரியில்லேன்னா வாயி..."
என்று ஒருநாள் பொதுவாக இழுத்தேன்.
"ஆமா அருளப்பு,
நம்ம ஃபோர்மேன்கிட்ட நிக்க முடியுதா?" என்றான்.

அப்புறம் நோன்பு வந்தது.
நோன்பாளியின் வாய் வாடை
படைச்சவனுக்குக் கஸ்தூரி என்று அவனே சொல்லியிருக்கிறான்.
நான் படைத்தவன் இல்லை, டேங்கர் ஓட்டுகிறவன்.
இருந்தாலும் சாக்கு கிடைத்த நிம்மதியில்
ஒரு மாதம் தள்ளிப்போட்டேன்.
பெருநாள் காலையில் கட்டித் தழுவினான்,
மூன்று முறை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நானும் தழுவினேன்.

அறையில் எட்டுப் பேர். அவனைத் தவிர
எல்லோருக்கும் தெரியும்.
ஒருவன் தலைமாட்டைக் கால்மாடாக்கிக்கொண்டான்.
ஒருவன் ராத்திரியெல்லாம் ஊதுபத்தி.
சொல்வது யார் வேலை என்று பார்த்தால்
சபுராவின் வேலை.
அவளோ தினம் ஒன்பதரைக்கு
அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி
திரையில் சிரிக்கிறாள்.
அலைபேசிக்கு மூக்கு வைக்க
எந்தக் கம்பெனிக்கும் தோன்றவில்லை.

இருபத்தேழு மாதம் கழித்து லீவு வந்தது.
ரூவியில் போய்
கோடாலித் தைலம் ஒரு டஜன்,
அத்தர் நாலு குப்பி,
பூப்போட்ட கம்பளி, டாங் பவுடர்.
அட்டைப்பெட்டியைக் கயிற்றால் இறுக்கி
மார்க்கரில் பெயர் எழுதிக்கொண்டே கேட்டான்:
"எல்லாம் வாங்கியாச்சு.
ஏதாச்சும் பாக்கி இருக்கா, பாரு."

"ஒண்ணு இருக்கு நைனா."

எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.
சபுராவில் ஆரம்பித்து, பாதியில் நின்று,
வாய் என்றேன், பல் என்றேன்,
தப்பா நினைக்காதே என்று இரண்டு தரம் சொன்னேன்.
மார்க்கர் எடுக்காமல் அழுந்தி
'மீமிச'லின் கடைசி எழுத்து
கறுப்பாய் ஊறிப் பெருத்தது.
"எத்தன நாளா?" என்றான்,
உதட்டைத் திறக்காமல்.
இரண்டு வருஷத்தை
"கொஞ்ச நாளா" என்றேன்.

மூன்று நாள் வண்டியில் திருக்கை இல்லை.
அந்தப் பக்கம் பார்த்தபடி
மூக்கால் மட்டும் மூச்சு விட்டான்.
சுத்தமான காற்று.
எனக்குத்தான் சரியாக இழுக்க வரவில்லை.

நாலாம் நாள் க்ளினிக்.
கீழ்க் கடைவாயில் இரண்டு,
ஒன்றுக்குப் பன்னிரண்டு ரியால்.
கயிற்றை அவிழ்த்துக் கம்பளியை எடுத்துக்கொண்டுபோய்க்
கடையில் திருப்பிக் கொடுத்தான்.
பிடுங்கியதைக் காகிதத்தில் மடித்து வந்து
என்னிடம் காட்டினான்.
"ராவுல சுவத்தக் கடிக்கலாம்போல இருக்கும்.
காசு மிச்சமாவட்டும்னு கெடந்தேன்."
பல்லு கூசும் என்று அவன் சொன்னது
அப்போதுதான் என் காதில் விழுந்தது.

மஸ்கட் ஏர்போர்ட்டில்
ட்ராலியை நடுவழியில் நிறுத்தி
என் முகத்துக்கு நேரே "ஹா" என்று ஊதினான்.
போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.
கிராம்பு. பஞ்சு. கொஞ்சம் ரத்தம்.
"போ" என்றேன், "ஃப்ளைட் போயிடும்."

திரும்பும்போது பக்கத்து சீட் காலி.
சிக்னலில் உள்ளங்கையைக் குவித்து
ஊதி முகர்ந்து பார்த்தேன்.
ஸ்டியரிங் நெடிதான் வருகிறது.
நாளையிலிருந்து புது ஹெல்பர்,
நேபாளத்துப் பையன்.
ரொம்ப மரியாதைக்காரனாம்.